கட்டுரையோடு 'எப்படி எழுதினேன்' குறிப்பு எதற்கு?

கேள்வி: ஆன்லைன் எழுத்துப் பாடத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால், அதை எப்படி எழுதினோம் என்று அரைப்பக்கம் கேட்கிறார்கள். இது வெட்டி வேலைதானே?

'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்று ஒப்பேற்றினால் வெட்டி வேலைதான்.

நாம் எப்படிச் சிந்திக்கிறோம் என்பதை நாமே கவனிப்பதற்கு மெட்டாகாக்னிஷன் என்று பெயர். 1970-களில் ஜான் ஃபிளேவெல் என்ற அமெரிக்க உளவியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். திட்டமிடுவது, நடுவில் சரிபார்ப்பது, முடிந்தபின் எடைபோடுவது எல்லாம் அதில் அடங்கும். இந்தக் குறிப்பு அதற்கான பயிற்சிதான்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் இந்தப் பாடம் எடுக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன் தாமிரபரணியில் மணல் அள்ளுவது பற்றி எழுதினான். பொதிகை மலை, அகத்தியர், பாபநாசம் என்று இரண்டு பக்கம் ஓடியபின்தான் மணலே வந்தது. நான் திருத்தவில்லை. 'எந்த இடத்தில் கை நின்றது?' என்று மட்டும் கேட்டேன். அவன் குறிப்பு இது: "மூன்றாம் பக்கத்தில். அதுவரை மனப்பாடமாகத் தெரிந்ததை எழுதினேன். மணல் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று அங்கேதான் யோசித்தேன்." அடுத்த வரைவு, ஆற்றுக்குள் லாரி இறங்கிய தடத்தில் ஆரம்பித்தது.

நேர் வகுப்பென்றால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடலாம். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கே திணறுகிறது என்று தெரிய, எனக்கு அந்தக் குறிப்பை விட்டால் வழியில்லை.

சரி, எப்படி எழுதுவது? கூகுள் டாக்ஸில் பழைய வடிவங்களைத் திறந்து பாருங்கள். அழித்த ஒரு பத்தியை மட்டும் பிடித்து, ஏன் அழித்தோம் என்று நாலு வரி எழுதுங்கள். கட்டுரை முடித்த அன்றே எழுதிவிடுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். அப்புறம், இதற்கு மதிப்பெண் போடுவது எனக்குப் பிடிக்காது. போட்டால் வாத்தியாருக்குப் பிடித்த மாதிரிதான் எழுதுவார்கள்.