பனிக்கு அடியில் ஓடும் நீர்: பள்ளி மாதிரியில் எதைக் காட்டலாம், எதை விடலாம்

கேள்வி: பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அறிவியல் விழாவுக்கு அண்டார்டிகா பனியின் அடியில் தண்ணீர் ஓடுவதை மாதிரியாகச் செய்கிறார்கள். ‘பனியின் எடை அழுத்துவதால் அடிப்பனி உருகுகிறது, உருகிய நீர் சரிவில் ஆறாக ஓடுகிறது’ என்பது அவர்கள் விளக்கம். கம்பியில் எடை கட்டி ஐஸ் கட்டியை அறுக்கும் சோதனையையும் சேர்க்கலாமா? நம் ஊர் வெயிலில் ஐஸ் தாங்குமா?

பதில்: கம்பிச் சோதனையை விட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் அண்டார்டிகாவைப் பற்றித் தவறான எண்ணத்தைப் பிள்ளைகள் மனத்தில் பதித்துவிடும். அண்டார்டிகாவில் பனிக்கு அடியில் மறைந்திருக்கும் வோஸ்டோக் ஏரியின் மேல் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் பனி இருக்கிறது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை எட்டு, ஒன்பது தடவை அடுக்கினாற்போன்ற உயரம். அத்தனை எடையும் உருகுநிலையைக் குறைப்பது சுமார் 3 பாகை செல்சியஸ்தான். மேற்பரப்பின் ஆண்டுச் சராசரியோ மைனஸ் 55. எடை மட்டும் உருக்குவதென்றால் அங்கே ஒரு சொட்டு நீரும் இருக்காது.

உருக்குவது பூமிக்குள்ளிருந்து வரும் வெப்பம். சதுர மீட்டருக்கு 0.06 வாட் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 6 மில்லிமீட்டர் பனிதான் உருகும். அற்பமாகத் தெரிகிறதா? ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 55 லட்சம் லிட்டர். மேலே கிடக்கும் பனி கனத்த போர்வையாக அந்த வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. பனி தரையில் உராய்ந்து நகரும் இடங்களில் உராய்வின் சூடும் சேரும். ‘எடை உருக்குகிறது’ என்ற வரியை ‘பூமியின் சூடு உருக்குகிறது, எடை கொஞ்சம் உதவுகிறது’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

‘சரிவில் ஓடுகிறது’ என்பதும் பாதி உண்மைதான். பனியடி நீர் திறந்த ஆறல்ல, பாரத்துக்கு அடியில் அகப்பட்ட நீர். பனி கனமாக இருக்கும் இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு அது பிதுக்கப்படுகிறது. பனியின் மேற்பரப்பு 1 மீட்டர் இறங்கினால், அடியில் பாறை 11 மீட்டர் வரை ஏறினாலும் நீர் அதே திசையில் போக முடியும். அதாவது, மேடேறி ஓடும். ஜிப் பை ஒன்றில் அரைவாசி நீல நீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, பலகைமேல் படுக்கவையுங்கள். பலகையின் ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்தினால் நீர் தாழ்ந்த பக்கம் சேரும். அந்தப் பக்கத்தில் 15 செ.மீ. சதுர அட்டை வைத்து அதன்மேல் 1 கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்தால் நீர் மேட்டுக்கு ஏறும். அந்த எடை தரும் அழுத்தம் ஏறக்குறைய 4.4 செ.மீ. உயர நீருக்குச் சமம், 2 செ.மீ. மேடு அதற்கு ஈடாகாது. மாதிரியிலேயே இதுதான் முக்கியமான பகுதி என்பேன். இதற்கு ஐஸ் கூடத் தேவையில்லை.

இனி ஐஸ் பகுதி. 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரமுள்ள, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி போதும். கண்ணாடிப் பெட்டி வேண்டாம்; நீர் உறையும்போது 9 விழுக்காடு பெருகி அதை உடைத்துவிடும். ஒரு முனைச் சுவரின் அடியில் சூடான ஆணியால் 6 மி.மீ. ஓட்டை போடுங்கள் (இதை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளிடம் விடாதீர்கள்). மறுமுனையில் 6 செ.மீ. அகலமான மரக்கட்டையை பிளாஸ்டிக் தாளில் சுற்றி வையுங்கள். சாதாரண ஸ்ட்ரா ஒன்று கட்டையை முட்டி, ஓட்டை வழியே 3 செ.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும். நீளம் போதாவிட்டால் இரண்டைச் செருகி இணையுங்கள். உள்முனையை மாடலிங் களிமண்ணால் அடைத்து, ஸ்ட்ராவைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் மிதந்து மேலே வந்துவிடும். ஓட்டையைச் சுற்றியும் களிமண் பூசி, ஆறிய கொதிநீரை 8 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, ஒன்றரை நாள் உறையவிடுங்கள்.

விழா அன்று கட்டையை எடுத்தால் அந்த இடம் குட்டை ஆகும். களிமண்ணை நீக்கி, ஸ்ட்ராவுக்குள் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் விட்டு, திருகி வெளியே உருவுங்கள். சுரங்கம் தயார்.

மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெல்லிய குழாயால், அரை மீட்டர் உயரத்தில் வைத்த கலத்திலிருந்து குட்டைக்கு நீர் விடுங்கள். நீர் குளிர்ப்பெட்டியில் இருந்து 5 பாகையில் வரவேண்டும். குட்டை மட்டம் 5 செ.மீ. வரும்வரை கிளிப்பால் வேகத்தைச் சரிசெய்து, பிறகு தொடாதீர்கள். வரத்து மாறாதபோதே சில நிமிடங்களில் மட்டம் இறங்கும். சுரங்கம் உருகி அகலமாவதுதான் காரணம். கிரீன்லாந்தில் கோடையின் தொடக்கத்தில் உருகுநீர் அடியில் நெருக்கி, பனியை வேகமாக வழுக்கச் செய்கிறது; பின்னர் சுரங்கங்கள் அகன்றதும் அழுத்தம் குறைந்து வேகமும் தணிகிறது. அதே நிகழ்வைத்தான் பிள்ளைகள் அளவுகோலில் பார்க்கிறார்கள். ‘நீங்கள் வரத்தைக் குறைத்துவிட்டீர்கள்’ என்று நடுவர் சொல்லக்கூடும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நிமிடம் வெளிவரும் நீரை அளந்து எழுதிவையுங்கள்.

குழாய்நீரை நேராக விடாதீர்கள். 28 பாகையிலுள்ள ஒரு லிட்டர் நீரிடம் 350 கிராம் ஐஸை உருக்கும் சூடு இருக்கிறது. எதுவும் அளக்குமுன் சுரங்கம் இடிந்துவிடும். 5 பாகையில் அது 63 கிராம்தான். உண்மையான பனியாற்றின் அடியிலோ நீர் உருகுநிலையிலேயே இருக்கும்; 100 மீட்டர் இறங்கும்போது ஒரு லிட்டர் தன் ஓட்டத்தின் உராய்வால் உருக்குவது 3 கிராம் அளவே. மாதிரி வேகமாக ஓடுவதன் காரணம் இதுதான், இதை அட்டையில் எழுதியே ஆகவேண்டும். இன்னொன்று: இயற்கையில் பனி களிபோல் மெல்ல நெகிழ்ந்து சுரங்கத்தை மூடப் பார்க்கும், நீர் உருக்கித் திறக்கப் பார்க்கும். இந்த இழுபறியை 1972-இல் சுவிஸ் பனியாற்று ஆய்வாளர் ரோத்லிஸ்பெர்கர் கணக்காக்கினார். உங்கள் ஐஸ் மூடாது.

ஆகவே பெரியது, சிறியது என்று இரண்டு சுரங்கம் வைத்து ‘பெரியது சிறியதை விழுங்கும்’ என்று காட்ட முயலவேண்டாம். பனியாற்றில் அது நடக்கும். இங்கே 5 பாகை நீர் பெரும்பாலும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அகலமாக்கிவிடும். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்.

கடைசியில் ஓரங்கள் உருகி ஐஸ் தளர்ந்ததும், வெளி ஓட்டையை விரலால் அடைக்கச் சொல்லுங்கள். குட்டை மட்டம் ஐஸ் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டினால் கட்டி முழுவதும் எழும்பும். 2006-இல் கிரீன்லாந்தில் பனியின் மேல் தேங்கிய 5.6 சதுர கிலோமீட்டர் ஏரியொன்று சுமார் ஒன்றரை மணி நேரத்தில் 980 மீட்டர் பனியைப் பிளந்து அடியில் இறங்கியபோது, மேலிருந்த பனி 1.2 மீட்டர் உயர்ந்தது.

‘பார்க்காமல் எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். ரேடார் அலை பனியை ஊடுருவி நீரில் பட்டுப் பலமாகத் திரும்பும். பனியடி ஏரி நிரம்பி வடியும்போது மேற்பரப்பு ஏறி இறங்குவதை செயற்கைக்கோள் அளக்கும். துளையிட்டும் பார்த்திருக்கிறார்கள்: 2012-இல் வோஸ்டோக்கில் 3,769 மீட்டர் ஆழத்தில் நீரைத் தொட்டார்கள், 2013-இல் மேற்கு அண்டார்டிகாவின் வில்லன்ஸ் ஏரிக்கு 800 மீட்டர் பனியை வெந்நீரால் துளைத்துப் போனார்கள். அங்கே 2 மீட்டர் ஆழ நீரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தன.

வெயிலைப் பற்றி: பெட்டியை மீன் வியாபாரிகளின் போலிஸ்டைரின் பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் உடைத்த ஐஸ் நிரப்பி மூடிக்கொண்டு போனால் காலைப் பொழுது தாங்கும். மூடியைத் திறந்தபின் 20 நிமிடம் கணக்கு வையுங்கள். நடுவர் இரண்டாவது தடவை வந்தால் காட்ட, இன்னொரு பெட்டியை உறையவைத்திருங்கள்.