ஆடும் ஃப்ரீவீலை மாற்றுவதற்கு முன்

கேள்வி: பதினோராம் வகுப்பில் என் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிளை, அவள் கல்லூரிக்குப் போன பிறகு, பால் சங்கத்துக்குக் கேன் கொண்டுபோக நான் ஓட்டி வருகிறேன். பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீல் இடமும் வலமுமாக ஆடியதால் ஒரு கடையில் காட்டினேன். தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதியது மாட்டினார்கள். புதியதும் அதேபோல ஆடுகிறது. திரும்பக் கொண்டுபோனால், விற்ற பொருளை வாங்க மாட்டோம் என்கிறார்கள், ரசீதும் தரவில்லை. நான் என்ன செய்வது? (பாலக்கோடு அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பழையதும் ஆடியது, புதியதும் அதேபோல ஆடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடையில் பாதி இருக்கிறது. கோளாறு ஃப்ரீவீலில் இல்லாமல், அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கக்கூடும். எனவே கடைக்காரரிடம் மறுபடி பேசுவதற்கு முன், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே வீட்டு வாசலில் சோதித்துக்கொள்வது நல்லது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சக்கரமே அசைந்தால், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் கோன் (அச்சில் குண்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் கூம்பு நட்டு) தளர்ந்திருக்கிறது என்று பொருள். கோனை இறுக்கினாலே போதும், ஃப்ரீவீலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த ஆட்டத்தை ஃப்ரீவீலின் ஆட்டம் என்று எண்ணிப் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். கேன் சுமக்கும் வண்டிகளில் கோன் தளர்வது அடிக்கடி நடப்பது.

சக்கரம் உறுதியாக இருந்தால், டயரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். அப்போது ஃப்ரீவீலின் உள்பகுதி நிலையாக நிற்க, பற்களுள்ள வெளிவளையம் மட்டும் சுழலும். வளையம் ஆடாமல் நேராகச் சுழன்றால் அதில் கோட்டம் இல்லை. அடுத்து, பெடலை முன்னோக்கி வேகமாக மிதித்துவிட்டு நிறுத்துங்கள். சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது, நின்றிருக்கும் பல் வளையம் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தால், ஃப்ரீவீல் ஹப்பில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஹப்பின் மரை தொழிற்சாலையிலேயே சற்றுக் கோணலாக வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது மாட்டியவர் மரை பிடிக்காமலேயே இறுக்கியிருக்கலாம். இரண்டு ஃப்ரீவீல்களும் ஒரே மாதிரி ஆடியதால் உங்கள் வண்டியில் ஹப்பின் மரையையே நான் முதலில் சந்தேகிக்கிறேன்.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நல்ல ஃப்ரீவீலும் சிறிது ஆடும். வெளிவளையத்துக்கும் உள்பகுதிக்கும் இடையே இரண்டு வரிசையில் சிறு பால்ரஸ் குண்டுகள் ஓடுகின்றன. அவை இறுகிப்போகாமல் சுழல்வதற்காகக் கொஞ்சம் இடம் விட்டே அதைச் செய்கிறார்கள். மிதிக்கும்போது உள்பகுதியும் வெளிவளையமும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுழல்வதால், அந்தக் குண்டுகளுக்கு வேலையே இல்லை. மிதிப்பதை நிறுத்தி வண்டி தானாக ஓடும்போதுதான் அவை உருளும். செயினும் பக்கவாட்டில் சற்று வளைந்துகொடுக்கும். ஆகவே செயின் கழலாமல், பல் தாண்டாமல், கரகரப்பு இல்லாமல் ஓடினால், கண்ணுக்குத் தெரியும் சிறு ஆட்டத்துக்காக ஃப்ரீவீலை மாற்ற வேண்டியதில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. உள்ளே பல்லைப் பிடிக்கும் இரண்டு சிறு நாக்குகளும் அவற்றைத் தள்ளும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. அவை தேய்ந்தாலோ பிசுக்கேறி ஒட்டிக்கொண்டாலோ, மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென்று பிடிப்பின்றிச் சுற்றிவிடும். முழு எடையும் ஒரு காலில் இருக்கும் அந்த நொடியில் ஓட்டுபவர் கம்பியின்மேல் விழுவார். பின்னால் கேனும் இருந்தால் வண்டியோடு சாய்வார். நம் மாவட்டத்தில் மேடில்லாத ஊர்ப்பாதை குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்படி ஒருமுறை நழுவினாலும், ஆட்டமே இல்லாவிட்டாலும், அந்த ஃப்ரீவீலை உடனே மாற்றுங்கள்.

பழைய ஃப்ரீவீலைக் கடையிலிருந்து நீங்கள் திரும்ப வாங்கி வைத்திருந்தால் அதையும் பாருங்கள். அதன் முகப்பில் இரண்டு சிறு துளைகளுள்ள வட்ட மூடி இருக்கும். அது தளர்ந்திருந்தால் வளையம் கடகடவென்று ஆடும். அந்த மூடியின் மரை இடப்பக்க மரை. வலப்பக்கம் திருப்பினால் கழலும், இடப்பக்கம் திருப்பினால் இறுகும். இதை அறியாமல் இறுக்குவதாக நினைத்து மூடியைக் கழற்றி, குண்டுகளைத் தரையில் சிதறவிட்டவர்கள் உண்டு. கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். மூடியை நன்றாக இறுக்கிய பின்னும் ஆட்டம் மிகுந்திருந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் பூட்டிப் பார்க்கலாம். சுழற்சி இறுகினால் அந்த வாஷரைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

இனி உங்கள் உரிமை. சைக்கிள் அரசு விலையில்லாமல் கொடுத்தது என்பதால், அதற்காக நுகர்வோர் என்ற முறையில் வழக்குப் போட முடியாது. ஆனால் ஃப்ரீவீலுக்கும் மாட்டுக்கூலிக்கும் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அளவில் நீங்கள் நுகர்வோர்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது தராமல் இருப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே கணக்கில் வரும். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பலகை மாட்டியிருப்பது குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

இருப்பினும் அந்த ஃப்ரீவீலில் குறை இல்லை, ஹப்பில்தான் குறை என்று தெரிந்தால், பொருளைத் திருப்பிக் கேட்பது நியாயமாகாது. சரிபார்க்காமலே மாற்றியதற்கு வாங்கிய கூலியைத்தான் கேட்க வேண்டும். மரையைக் கெடுத்து மாட்டியிருந்தால் அது சேவைக் குறைபாடு. சோதனையைக் கடைக்காரர் கண்முன் ஒருமுறை செய்துகாட்டிப் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஃப்ரீவீல் சத்தம் போடாமல் இருக்க கிரீஸ் அடைக்கலாமா? புதியது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கெட்டியான கிரீஸ் வேண்டாம், நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய மெஷின் ஆயில் சில சொட்டுகள் போதும். டிக் டிக் என்ற ஓசை நாக்குகள் வேலை செய்வதன் அடையாளம்தான். வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பற்களை எண்ணி ஒப்பிடுங்கள். நம் ஊர்ப் பெரிய சைக்கிள்களில் பெரும்பாலும் 18 பல் இருக்கும். மாட்டும்போது அருகில் நின்று பாருங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருப்ப வேண்டும். முதல் சுற்றுக்கே ஸ்பானரோ சுத்தியலோ தேவைப்பட்டால் மரை சரியாகப் பிடிக்கவில்லை. அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். அப்படியே இறுக்கிவிட்டால் ஹப்பையே மாற்ற வேண்டிவரும், அதற்காகப் பின்சக்கரத்தின் 40 கம்பிகளையும் கழற்றிப் பின்னிக் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கும்.