நாலு கல்தானே?

அன்புள்ள ஐயா,

எனக்குத் தாராபுரம் பக்கம். மகளும் மருமகனும் இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறார்கள். போன ஜூலையில் நானும் மனைவியும் 74 வயதான என் அம்மாவும் அங்கே போயிருந்தோம். யார்க்‌ஷயர் டேல்ஸில் மால்ஹம் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்துத் தங்கினோம். ஒரு நாளைக்கு ஐந்தாறு இடம் என்று மருமகன் பட்டியல் போட்டிருந்தார். மூன்றாம் நாளே பேரப்பிள்ளைகள் (9 வயது, 6 வயது) காரில் ஏற மாட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்குப் படம் எடுப்பதற்காகப் பேரனை ஒரு கல்சுவர் மேல் ஏற்றி நிறுத்தினோம். நாலு கல் சரிந்தது. பையனுக்கு அடி இல்லை. ஆனால் நாலு சக்கர பைக்கில் வந்த விவசாயி ஒருவர் எங்களைப் பார்த்துக் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. நாலு கல்தானே ஐயா? நம் நிறத்தைப் பார்த்துத்தான் கத்தினார் என்கிறார் மருமகன்.

அடுத்த ஜூலையிலும் போகிறோம். அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது? மழைக்கோட்டு, சாப்பாடு, ஒடுக்கமான சாலையில் கார் ஓட்டுவது பற்றியும் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மழைக்கோட்டை மகளிடம் கேளுங்கள். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். காரை மால்ஹமில் தேசியப் பூங்காவின் வண்டி நிறுத்தத்தில் காலையிலேயே விட்டுவிட்டால் ஒடுக்கமான சாலைக் கவலை அன்றைக்கு இல்லை. நான் உடனே எழுத உட்கார்ந்தது அந்த நாலு கல்லுக்காக. சாந்தே இல்லாமல் இருநூறு வருடம் நிற்கிற சுவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நிறம். அந்நிய ஊரில் பிழைக்கிறவருக்கு அந்தச் சந்தேகம் சும்மா வருவதில்லை. வேறு எங்கோ பட்ட அவமானம் உள்ளே கிடக்கும். உங்கள் மருமகன் சொல்வதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் லீட்ஸிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பையன் ஏறி நின்றிருந்தாலும் அந்த விவசாயி கத்தியிருப்பார். அதற்கான காரணம் சுவருக்குள் இருக்கிறது.

ஒரு சுவர் போலத் தெரிகிற அது உண்மையில் இரண்டு சுவர். அடியில் ஏறத்தாழ 70 செ.மீ. அகலத்துக்குப் பெரிய கற்களைப் பதிப்பார்கள். அதன்மேல் இரண்டு முகங்கள், ஒன்றை நோக்கி ஒன்று லேசாகச் சாய்ந்து எழும்பும். உச்சிக்குப் போகும்போது அகலம் பாதியாகியிருக்கும். ஒவ்வொரு கல்லும் நீளவாக்கில் உள்ளே போகும், வெளியே தெரிவது அதன் நுனி மட்டும். கீழ்வரிசையில் இரண்டு கல் சேருகிற இடத்தை மேல்வரிசைக் கல் மூட வேண்டும். செங்கல் கட்டில் நம் கொத்தனார் பார்ப்பதும் இதைத்தான். இரண்டு முகங்களுக்கும் நடுவே இருக்கிற வயிற்றில் சின்னக் கற்களை ஒவ்வொன்றாகக் கையால் திணிப்பார்கள். சோம்பல்பட்டு மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினால் நாளடைவில் அவை கீழே இறங்கிச் சுவர் உப்பிக்கொள்ளும். மண்ணைப் போட்டு நிரப்பினால் மழையில் கரைந்தோடும், குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லை வெளியே தள்ளும். முழங்காலுக்குச் சற்று மேலே, நீளமான கற்களை இரண்டு முகங்களையும் சேர்த்துத் தைப்பது போலக் குறுக்கே வைப்பார்கள். அங்கே அதற்கு ‘த்ரூ’ என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, அலமாரியில் புத்தகம் அடுக்குகிற மாதிரி, தட்டைக் கற்களை நிமிர்த்தி நெருக்கி நிறுத்துவார்கள். உங்கள் பேரன் நின்றது அந்த வரிசை மேல்.

அந்தத் தலைக்கற்களின் எடைதான் இரண்டு முகங்களையும் அழுத்திப் பிடித்துவைத்திருக்கிறது. ஒன்று சரிந்தால் பக்கத்துக் கல்லுக்கு இறுக்கம் போய்விடும். அழுத்தம் போன இடத்தில் முகத்துக் கல் தளரும், உள்ளே இருக்கிற பொடிக்கல் நகரும். இன்றைக்கு நாலு கல். இரண்டு மழை, ஒரு பனிக்காலம் போனால் அதே இடத்தில் ஒரு மீட்டருக்கு வாய் பிளந்திருக்கும். ஆடு அவ்வளவு நாள்கூடக் காத்திருக்காது. ஸ்வேல்டேல் ஆடுகளைப் பார்த்திருப்பீர்கள், கறுத்த முகமும் வெளுத்த மூக்கும் சுருண்ட கொம்புமாக. சுவரில் பள்ளம் தெரிந்தால் ஒன்று தாவும், பின்னாலேயே மந்தை தாவும். ஜூலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அறுக்காத தீவனப்புல் நின்றிருக்கும். பனிக்காலம் முழுக்கக் கொட்டிலில் போட வேண்டிய தீவனம் அது.

சரிந்ததைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டோமே என்று சொல்லாதீர்கள். தலைக்கல் ஒன்று மட்டும் உருண்டிருந்தால் அதன் பள்ளத்தில் இறுக்கி வைக்கலாம். முகத்துக் கல் வந்துவிட்டால் கைவைக்கக் கூடாது. ஒழுங்காகச் செய்கிறவர் உறுதியான வரிசை வரைக்கும் பிரித்து இறக்குவார். கற்களைத் தரம்பிரித்துப் புல்லில் பரப்புவார். கடைசியில் தேவைப்படுகிற தலைக்கல்லைத் தள்ளி வைப்பார், பொடிக்கல்லைத் தனிக் குவியலாகப் போடுவார். பிறகு இரண்டு பக்கமும் நூல் கட்டி, வரிசை வரிசையாக ஏற்றுவார். கை தேர்ந்தவருக்கே ஒரு நாளில் இரண்டு மூன்று மீட்டர்தான் நகரும். டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இப்படிப்பட்ட சுவர் 8,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பொதுநிலங்களைச் சட்டம் போட்டுப் பங்கு பிரித்த 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை நிறைய. அவற்றைப் பராமரிப்பது பெரும்பாலும் அந்தந்த நிலத்துக்காரரின் பாடு.

தாராபுரத்துக்காரர் நீங்கள் ‘நாலு கல்தானே’ என்று எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் பக்கத்துக் கொரங்காடுகள், அந்த மேய்ச்சல் காடுகள், எதனால் நிற்கின்றன? கிளுவை என்கிற முள்மரத்து உயிர்வேலியால். போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டு, இடைவெளி விழுந்த இடத்தில் முள் அடைத்து, தலைமுறையாகக் காத்துவருகிற வேலி. வேலிகளுக்கு நடுவே ஓடுகிற இட்டேரிப் பாதையில் போகிற வெளியூர்க்காரன் படத்துக்காக அதில் நாலு போத்தை முறித்துப் போட்டால் உங்கள் ஐயன் என்ன சொல்லியிருப்பார்? அந்த விவசாயி பேசியது உங்கள் ஐயனின் பேச்சு. மொழி மட்டும்தான் வேறு.

சரி, நாள் கணக்குக்கு வருவோம். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நடை போதும். மால்ஹமிலிருந்து ஓடையோரமாகப் போனால் ஜேனட்ஸ் ஃபாஸ் என்கிற சின்ன அருவி, அதற்கடுத்து கோர்டேல் ஸ்கார் பள்ளத்தாக்கு, பிறகு மால்ஹம் கோவ் என்று சுற்றிவர ஏறத்தாழ 8 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது மலை நடைக்காரர்களின் கணக்கு. ஆறு வயதுப் பிள்ளையோடு அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். அம்மா இந்தச் சுற்றுக்கு வேண்டாம். கோவ் என்பது 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் பாறை. அதன் அடிவாரம் வரைக்கும் ஊரிலிருந்து செப்பனிட்ட பாதை இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மகளும் அம்மாவும் அந்த வழியாக மெதுவாக வரட்டும். மற்றவர்கள் மேலிருந்து ஏறத்தாழ 400 படி இறங்கி அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். புளிச்சோற்றை அங்கே பிரிக்கலாம்.

மஞ்சள் அம்பு போட்ட பாதை நடப்பதற்கு. வயல் நடுவே போனாலும் அது பொதுவழி, உங்களை யாரும் தடுக்க முடியாது. புல் வளர்ந்த வயலில் மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், ஆடு தண்ணீருக்குப் போகத் திறந்து வைத்திருப்பார்கள். மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கிற மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே என்கிற அந்நாட்டு நில அளவை நிறுவனம் தாளில் அச்சிட்ட வரைபடம் ஒன்று வாங்குங்கள், 1:25,000 அளவு, ஓஎல்2 தாள். அதில் வயல் சுவர்களும் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கும். பாதை சுவருக்கு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். 1:50,000 தாளில் அது தெரியாது. வரைபடத்தை ஒன்பது வயதுக்காரன் கையில் கொடுங்கள். எத்தனை சுவர் தாண்டினோம் என்று எண்ணிக்கொண்டு வருகிறவனுக்கு அழ நேரம் இருக்காது.

அவன் சுவர் ஏறவும் வழி இருக்கிறது. பாதை சுவரைக் கடக்கிற சில இடங்களில் நீளமான கற்களை இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும்படி படிப்படியாகப் பதித்திருப்பார்கள். மனிதர் ஏறலாம், ஆடு ஏறாது. கால் மட்டும் நுழைகிற சந்து விட்ட கடவுகளும் உண்டு. படத்தை அந்தப் படிக்கல்லில் நிறுத்தி எடுங்கள்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை. நீங்கள் தங்கிய வீட்டுக்காரரிடம் கேட்டால் அது யாருடைய வயல் என்று தெரியும். எந்தச் சுவர், எந்த இடம் என்று அவர் மூலமாகவே சொல்லியனுப்பி மன்னிப்புக் கேளுங்கள். மருமகனையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

படிக்கல்லிலிருந்து இறங்கும்போது பையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து, ஏணியில் இறங்குவது போல இறங்கட்டும். மழை பெய்த பிறகு அந்தச் சுண்ணாம்புக்கல் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும்.