பாம்பனுக்குள் கம்பன் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நீங்கள் போட்டிருந்த ராமநாதபுரம் கடற்கரைக் குறுக்கெழுத்தை நானும் வாப்பாவும் சேர்ந்து போட்டோம். வாப்பாவுக்கு இந்தக் கரை முழுக்க அத்துப்படி. குறிப்பைப் பாதிகூடப் படிக்காமல், எத்தனை கட்டம் என்று மட்டும் பார்த்து பாம்பன், மண்டபம், ஏர்வாடி என்று நிரப்பிக்கொண்டே போனார். எப்படி வந்தது என்று கேட்டால், "பொருந்துதுல்ல, பிறகென்ன?" என்கிறார். விளக்கம் சொல்லாமல் எழுதினால் அது விடையில்லை என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

பாம்பன் குறிப்பில் கம்பன் ஏன் வந்தார் என்று இரண்டு பேருக்குமே புரியவில்லை. "மண்ணுக்கடியில் கலைந்த படம்" என்றதும் நான் அழகன்குளம் என்றுதான் நினைத்தேன். மண்டபம் எப்படி வரும்? அப்புறம், நானே ஒரு குறிப்பு எழுதினேன். "நடிகர் வாங்கும் சம்பளம் புயலில் போனது (5)". விடை தனுஷ்கோடி. தேறுமா?

வாசகி, கீழக்கரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கட்சிதான் என் கட்சியும். ஆனால் வாப்பா பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வகைப் புதிரில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வழிகள் இருக்கும். விடையின் நேரடிப் பொருள் ஒன்று. அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் முடிவில் இருக்கும். மீதிச் சொற்கள், அந்த விடையை எழுத்தெழுத்தாகச் சேர்த்துச் செய்வதற்கான வழி. இரண்டும் ஒரே சொல்லில் போய் முடியவேண்டும். அப்படி முடிந்துவிட்டால் விடை சரிதான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். விளக்கத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

பாம்பனைப் பார்ப்போம். அடைப்புக்குள் உள்ள எண், விடைக்கு எத்தனை கட்டம் என்பது. குறிப்பு இது: "பாட்டு எழுதியபின் தலையெடுத்த கம்பன் கடல் கடக்கும் இடம் (4)". படிக்கும்போது கம்பன் கடல் கடப்பதுபோலத் தோன்றும். அங்கேதான் வெட்டவேண்டும். "கடல் கடக்கும் இடம்" என்பது நேரடிப் பொருள். முன்னால் இருப்பது செய்முறை. பாட்டு என்றால் பா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, தலையெடுத்த கம்பன். பாட்டெழுதிப் புகழ்பெற்ற கம்பன் என்று மனம் ஓடும். புதிரில் அப்படியே தலையை எடுத்துவிட வேண்டியதுதான். 'க' போனால் மிச்சம் 'ம்பன்'. பா, ம்பன், பாம்பன். கம்பனும் கடல் கடப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததால் நீங்கள் இராமாயணத்துக்குள் போயிருப்பீர்கள். அப்படிப் போகவேண்டும் என்றுதான் எழுதினேன்.

பாம்பனைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆர்தர் வின் அமைத்த முதல் குறுக்கெழுத்து நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வந்தது 1913 டிசம்பர் 21-ல். பாம்பனின் பழைய ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24-ல். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம்தான்! வின் கொடுத்தவை நேரான குறிப்புகள். சொல்லை உடைத்து ஒளித்துவைக்கும் வகை 1920-களில் இங்கிலாந்தில் வளர்ந்தது.

இனி மண்டபம். "மண்ணுக்கடியில் கலைந்த படம், தீவுக்குமுன் வரும் ஊர் (5)". இது மேலிருந்து கீழே எழுதும் குறிப்பு என்பதைக் கவனியுங்கள். மேலே 'மண்' இருக்கிறது. அதற்கடியில் 'படம்' எழுத்து இடம் மாறி 'டபம்' என்று நிற்கிறது. மண்டபம். தீவுக்கு முன் வருவதும் அந்த ஊர்தான். நீங்கள் அழகன்குளத்துக்குப் போனது நல்ல வாசிப்பு. அங்கே அகழாய்வில் கப்பல் படம் கீறிய பானை ஓடு கிடைத்தது இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியும். மண்ணும் படமும் சேர்ந்தால் அந்த ஊர்தான் நினைவுக்கு வரவேண்டும். ஆனால் அழகன்குளத்துக்கு ஏழு கட்டம் தேவை. 'கலைந்த' என்ற சொல்லுக்கும் அங்கே வேலையில்லை. குறிப்பில் வேலையில்லாத சொல் ஒன்று மிஞ்சினால் இன்னும் விடைக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது அமைப்பவருக்கும் உள்ள கட்டுப்பாடு. அஃப்ரிட் என்ற பெயரில் புதிர் அமைத்த ஆங்கிலேயர் ஏ. எஃப். ரிட்சி 1949-ல் இதை ஒரு நெறியாகவே சொன்னார். மேலுக்குச் சொல்வதை அமைப்பவர் உண்மையாகக் கருத வேண்டியதில்லை, ஆனால் அவர் கருதியது அந்தச் சொற்களில் இருந்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது. நமக்கும் இது புதிதில்லை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணியில் அக்கரச் சுதகம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு பொருள் தரும் விளையாட்டு. "கவலையில் முதலை விட்டு மீனுக்கு வீசுவது (2)" என்று நான் எழுதினால் அந்த வழியில்தான் போகிறேன். கவலையில் முதல் எழுத்தை விட்டால் வலை. ஆங்கிலப் புதிரைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்பது சரிதான், ஆனால் அதற்கான கருவிகள் நம் வீட்டிலேயே இருந்தன.

இப்போது வாப்பாவுக்கு வருகிறேன். அவர் செய்வது வெறும் ஊகமில்லை. ஆங்கிலத்தில் குறுக்கே ஓர் எழுத்து கிடைத்தால் அது 26-ல் ஒன்று. நமக்கு 'ப' கிடைத்தால் அது பா இல்லை, பி இல்லை, பு இல்லை என்பதும் சேர்ந்தே கிடைத்துவிடும். பாம்பனில் இரண்டாவது கட்டத்தில் 'ம்' விழுந்துவிட்டால் அடுத்தது பெரும்பாலும் ப வரிசை அல்லது ம வரிசை. ண் வந்தால் ட, ந் வந்தால் த, ங் வந்தால் க. பள்ளிக்கூடத்தில் மெய்ம்மயக்கம் என்று படித்தது இதைத்தான். தமிழ் பேசிப் பழகிய காது இதைத் தானாகவே செய்யும். விடை முதலில் வந்து விளக்கம் பிறகு வருவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதில் குறையொன்றும் இல்லை.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பாம்பனும் ஏர்வாடியும் இரண்டுமே நாலு கட்டம். மண்டபம், கீழக்கரை, சாயல்குடி, தனுஷ்கோடி எல்லாம் ஐந்து. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் எதை எங்கே போடுவது? "கலப்பை துவண்டு சேர்ந்த தர்கா ஊர் (4)" என்பதில் கலப்பை ஏர், துவண்டு வாடி என்று சொல்லிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. தர்கா என்ற ஒரு சொல்லைப் பார்த்து வாப்பா எழுதியிருப்பார். ஏர் வாடிக் கிடப்பதை விட்டுவிட்டாரே என்றுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் குறிப்பில் பின்பாதி அருமை. "புயலில் போனது" என்பது படிக்கும்போது வினைமுற்று. விடையாகும்போது, புயலில் போன அந்த ஊர் என்று பெயராகிவிடுகிறது. இந்த வசதி தமிழில் இயல்பாகவே அமைந்திருக்கிறது, அதை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். 1964 டிசம்பரில் ரயிலோடு மனிதர்களையும் கடல் கொண்டுபோன ஊரைப் புதிரில் வைக்கலாமா என்று நினைத்துப் பார்த்தேன். நீங்கள் ஒரு சொல்கூட விளையாட்டாகச் சேர்க்கவில்லை, அதனால் வைக்கலாம்.

முன்பாதியில்தான் தடுமாற்றம். நடிகர் என்றால் தனுஷ், சரி. சம்பளம் என்றால் கோடி என்று எந்த அகராதியும் சொல்லாது. அது நாம் ஊகிப்பது. கோடிக்கு நூறு லட்சம் என்று அளவாகவே ஒரு பெயர் இருக்கிறதே. "நடிகரின் நூறு லட்சம் புயலில் போனது (5)" என்று மாற்றிப் பாருங்கள். வாக்கியமும் ஓடுகிறது, எல்லாச் சொல்லுக்கும் வேலை இருக்கிறது. 'நடிகரின்' என்பதில் உள்ள 'இன்' மிஞ்சுகிறதே என்று கேட்பீர்கள். வேற்றுமை உருபை உதிர்த்துவிட்டு வாசிப்பதைத் தமிழ்ப் புதிரில் அனுமதித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாக்கியம்கூட வாக்கியமாக நிற்காது. ஆனால் கலைக்கக் கொடுக்கும் சொல்லில் உருபு ஒட்டியிருக்கக் கூடாது. 'கலைந்த படத்தில்' என்று நான் எழுதியிருந்தால், எந்த எழுத்துகளைக் கலைப்பது என்று உங்களுக்குத் தெரியாது. இதில் நான் கண்டிப்பு.

வாப்பாவுக்கு ஒன்று தருகிறேன். "பாலத்தின் கணவர் சீமையை ஆண்டவர் (4)". விடையை அவர் எழுதட்டும், விளக்கத்தை நீங்கள் எழுதி இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.