கழுத்தெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டாகியும் கழுத்து வலி தீரவில்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

எனக்கு ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருந்து, பிதுங்கிவிட்ட டிஸ்க்கை முன்கழுத்து வழியாக அகற்றி, அவ்விரு எலும்புகளையும் தகடும் திருகுகளும் வைத்து இணைத்தார்கள். தோளிலிருந்து கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கிக்கொண்டிருந்த வலி ஓரிரு நாளில் நின்றுவிட்டது. கழுத்து வலி மட்டும் மூன்று ஆண்டுகளாகியும் முழுதாகப் போகவில்லை. ஆகவே, சிகிச்சையே தோற்றுவிட்டதோ என்ற உங்கள் அச்சம் எனக்குப் புதிதன்று.

நான் தாமதமாகப் புரிந்துகொண்ட செய்தி ஒன்று உண்டு. இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் நசுங்கிய நரம்பையோ தண்டுவடத்தையோ விடுவிப்பதற்காகச் செய்யப்படுவது. அதனால் கைவலி குறைவதை எதிர்பார்க்கும் அளவு உறுதியாக, தசைகளிலிருந்தும் எலும்புகளின் பின்புற மூட்டுகளிலிருந்தும் கிளம்பும் கழுத்து வலி நீங்குவதை எதிர்பார்க்க இயலாது. மருத்துவர் இதை முன்பே சொல்லியிருக்கவும் கூடும். கைவலி இருந்த வேகத்தில் என் காதில் அது ஏறியிராது.

ஆயினும் வலியோடு வாழப் பழகுவதற்கு முன், திருத்தக்கூடிய காரணம் ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இணைத்த எலும்புகள் ஒட்டுவதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். புகைப்பழக்கம் அதை இன்னும் தாமதப்படுத்தும். ஒட்டாமல் போயிருந்தாலோ, திருகு தளர்ந்திருந்தாலோ, பக்கத்து டிஸ்க் தேய்ந்திருந்தாலோ வலி நீடிக்கலாம். கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களும் இவற்றைக் காட்டும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கை கால் பலவீனம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, காய்ச்சலோடு கூடிய வலி ஆகியவற்றில் எது புதிதாகத் தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

என் ஸ்கேனில் எல்லாம் சரியாகவே இருந்தது. "எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது" என்று மருத்துவர் மகிழ்ச்சியோடு சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பிசியோதெரபிஸ்ட் பார்த்து, கழுத்துப் பட்டை (காலர்) அணிந்த வாரங்களிலும் அதன்பின் பயத்தால் கழுத்தை அசைக்காமலே வைத்திருந்த மாதங்களிலும் கழுத்தின் ஆழத் தசைகள் மிகவும் வலுவிழந்துவிட்டன என்றார். மல்லாந்து படுத்து, முகவாயை மெல்ல உள்ளிழுத்துச் சில நொடிகள் நிறுத்துவதும், தோள்பட்டை எலும்புகளைப் பின்னோக்கி இறுக்குவதும்தான் அவர் கற்றுத்தந்த பயிற்சிகள். இதற்கா கட்டணம் என்று தோன்றும் அளவுக்கு அவை எளியவை. பலன் தெரிய இரண்டு மாதங்களாயின.

இதைவிட எனக்கு அதிகம் உதவியது ஒரு நோட்டுப் புத்தகம். வலி குறைந்த நாளில் தேங்கிய வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாட்கள் படுத்துக்கிடப்பது என் வழக்கமாக இருந்ததை, தினமும் எழுதிவைத்த குறிப்புகளே காட்டிக்கொடுத்தன. இப்போது கணினி வேலையானாலும் சமையலானாலும் 25 நிமிடத்தில் அலாரம் அடித்தவுடன், வலி இல்லாவிட்டாலும் எழுந்துவிடுகிறேன். வலி வந்தபின் நிறுத்துவது எனக்குப் பயன்பட்டதே இல்லை.

தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. குனியக் குனியக் கழுத்துத் தசைகளின் சுமை கூடும் என்பதால் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன், குப்புறப் படுப்பதை விட்டேன். நரம்பு வலிக்காகத் தரப்படும் காபாபென்டின் போன்ற மாத்திரைகள் தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் தரலாம். அவற்றை மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. அறுவை செய்த மருத்துவரைக் கேளாமல் எவரையும் கழுத்தைத் திருகிச் சொடக்கெடுக்க விடாதீர்கள்.

அடுத்த முறை செல்லும்போது, எலும்பு ஒட்டிவிட்டதா, எந்தெந்த அசைவுகளுக்கு இனித் தடையில்லை என்ற இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை நான் கேட்காததால்தான், தேவையில்லாமல் பல மாதங்கள் கழுத்தைக் கட்டைபோல் வைத்திருந்தேன்.