கையெழுத்திட்டதாலேயே உரிமை போய்விடுவதில்லை

கேள்வி: எனக்குக் கறுத்த மேனி. தாடையிலும் மேலுதட்டிலும் வளரும் முடியை நீக்க, ஆறு அமர்வுகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டி ஒரு லேசர் நிலையத்தில் சேர்ந்தேன். 'இனி முடி வளரவே வளராது' என்பது அவர்களுடைய விளம்பரம். மூன்றாவது அமர்வுக்குப் பின் கொப்புளம் எழும்பி, இப்போது தாடையில் கரும்திட்டுகள் நிற்கின்றன. முடியும் மறுபடி முளைக்கிறது. 'எந்த விளைவுக்கும் நிலையம் பொறுப்பல்ல' என்ற படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். வழக்குத் தொடர வழியுண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு முறையீடுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றின் வலிமை ஒன்றல்ல என்பதால் முதலில் பிரித்துக்கொள்வோம்.

முடி மறுபடி முளைத்தது பலவீனமான முறையீடு. லேசர் ஒளி வளர்ச்சிப் பருவத்தில் உள்ள முடியின் வேரைத்தான் தாக்கும் என்பதால் பல வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும். மூன்றோடு நின்றுவிட்ட சிகிச்சையை வைத்து அது தோற்றது என்று நிறுவுவது கடினம். முகத்து முடிக்கு ஹார்மோன் மாற்றமும் காரணமாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது அந்த விளம்பரம்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம்கூட லேசர் கருவிகளுக்கு 'நிரந்தர முடிக் குறைப்பு' என்ற அளவில்தான் சொல்லிக்கொள்ள அனுமதிக்கிறது. அதன் பொருள் முடி அடியோடு போய்விடும் என்பதல்ல. ஆகவே 'வளரவே வளராது' என்ற வாசகத்தைத் தவறான விளம்பரமாகக் காட்டிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கொப்புளமும் திட்டும்தான் உங்கள் வழக்கின் உயிர். லேசர் தேடுவது முடியிலுள்ள மெலனின் என்ற நிறமியை; கறுத்த தோலிலும் அதே நிறமி மிகுதி. அதனால் தோலும் சேர்ந்து சூடாகும். இத்தகைய தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரில் தோல் வெந்துபோகும் வாய்ப்பு அதிகம். தோல் வகையைக் குறித்தார்களா, சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துக் காத்திருந்தார்களா, இயக்கியவருக்குப் பயிற்சி இருந்ததா என்ற கேள்விகளுக்கு நிலையம் பதில் சொல்ல முடியாமல் திணறினால், கவனக்குறைவு பெருமளவு நிறுவப்பட்டதாகவே கொள்ளலாம்.

இனி அந்தப் படிவம். நாட்டுக்கு நாடு சட்டத்தின் பெயரும் பிரிவும் மாறினாலும், தெரிந்து ஏற்ற அபாயத்துக்குத்தான் ஒப்புதல் என்ற கொள்கை பரவலாக ஏற்கப்பட்டது. ஒருவர் முடிவெடுக்க முக்கியமான அபாயங்களை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மான்ட்கோமெரி வழக்கில் வலியுறுத்தியது; அது மருத்துவரைப் பற்றிய தீர்ப்பென்றாலும் வாதத்துக்கு உதவும். முறையாகச் செய்தும் நேரக்கூடிய சிவப்பையோ வீக்கத்தையோ நீங்கள் ஏற்றிருக்கலாம். கருவியைத் தவறாக அமைத்ததை ஏற்றதாகப் பொருள் கொள்வது எளிதல்ல. என் அனுபவத்தில், கையெழுத்தைக் காட்டிப் பயமுறுத்தும் நிலையங்கள் நீதிமன்றப் படியேற அவ்வளவு விரும்புவதில்லை.

ஆனால் உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் கடும் வெயிலில் அலைந்ததையோ, ஒளியால் தோலைப் பாதிக்கக்கூடிய மாத்திரை சாப்பிட்டதையோ கேட்டும் மறைத்திருந்தால், இழப்பீடு அந்த அளவுக்குக் குறையலாம்.

இன்றே உங்கள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள்: எந்தக் கருவி, என்ன அலைநீளம், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஆற்றல், ஒவ்வொரு ஒளித் துடிப்பும் நீடித்த நேரம், ஒவ்வொரு அமர்வின் தேதி. தர மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில், அளவுகோலைத் திட்டின் அருகே வைத்து, வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் புகைப்படம் எடுங்கள். தோல் மருத்துவரைச் சந்தித்து, காரணத்தைக் குறிப்பிடும் சான்றும் பெறுங்கள். விளம்பரம் நீக்கப்படும் முன் அதைச் சேமித்துவிடுங்கள்.

மருத்துவர் அனுமதிக்கும்வரை அந்த இடத்தில் வேக்சிங், த்ரெட்டிங், முடி நீக்கும் கிரீம் எதையும் தொடாதீர்கள். தோலுக்குக் கெடுதல் என்பது ஒருபுறமிருக்க, திட்டு அதனால்தான் வந்தது என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். மின்முனை கொண்டு வேரை அழிக்கும் எலெக்ட்ராலிசிஸையும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

நிலையம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தால், 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி ரசீதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அந்தக் கையெழுத்து, முன்பு போட்டதைவிட உங்களைப் பல மடங்கு கட்டும். வழக்குக்கான கால வரம்பு உங்கள் நாட்டுச் சட்டப்படி காயம் ஏற்பட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கலாம் என்பதால், பேச்சுவார்த்தை நடக்கும்போதே உள்ளூர் வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.