சிலியின் கோல்சாகுவா திராட்சைத் தோட்டத்தில் பாதி மெர்லோ மட்டும் பிந்திப் பழுப்பது ஏன்?

பிந்திப் பழுக்கும் அந்தக் கொடிகள் பெரும்பாலும் மெர்லோவே அல்ல, கார்மெனேர் என்ற வேறொரு சிவப்பு ஒயின் திராட்சை வகை. ஒரே வரிசையில் பாதிக் கொடிகள் மூன்று வாரம் பின்தங்குகின்றன, அவற்றின் சாற்றில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வருகிறது என்கிறீர்களே, இரண்டும் அதைத்தான் காட்டுகின்றன. உரத்தை மாற்றிப் பயனில்லை.

சிலியில் இது பழைய குழப்பம். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் போர்தோவிலிருந்து வந்த தண்டுகளில் இரண்டும் கலந்திருந்தன. 1994இல் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் இலையைப் பார்த்து அடையாளம் சொல்லும்வரை எல்லாம் மெர்லோ பெயரிலேயே விலைபோயிற்று. உங்களுடையது பழைய தோட்டம் வேறு.

சோதிக்க வழி எளிது. வசந்தத்தில், அதாவது அங்கே செப்டம்பர் அக்டோபரில், இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெண்மையாக இருந்தால் மெர்லோ. செம்மை ஓடினால் கார்மெனேர். சந்தேகமானவற்றில் ரிப்பன் கட்டிவிடுங்கள். அப்புறம் அவற்றைத் தனியாக, தாமதமாக அறுவடை செய்யலாம்.

வாசத்தை மட்டும் நம்ப வேண்டாம். இலை அடர்ந்து நிழலில் கிடக்கும் மெர்லோ கொத்திலும் அதே பச்சை வாசம் வரும். கொடியைப் பிடுங்கும் எண்ணம் இருந்தால், முதலில் டிஎன்ஏ சோதனை.